லாக்கப் சாவு பத்தின பாட்டு: மரண கானாவும் டிஸ்டார்ஷனும் எங்க சேரும்?

வியாசை_வோல்யூம்
நேரா விஷயத்துக்கு வர்றேன். லாக்கப் சாவு பத்தி ஒரு ராக் பாட்டு. கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், ஒரு பறை, ஒரு சட்டி மேளம், மரண கானா (சாவு வீட்டுல பாடற கானா) பாடற குரல் ஒண்ணு. டெமோல முதல் செகண்ட்லேர்ந்தே கிட்டார் முழு டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரன்னு சிதைக்கறது). ரெண்டாவது நிமிஷத்துல காது மரத்துப்போகுது, குரல் என்ன சொல்லுதுன்னே ஏறல. டிஸ்டார்ஷனைக் குறைச்சா சினிமா சோகப்பாட்டு ஆயிடுது. கடைசிச் சரணத்துல செத்தவனோட அம்மா சாமி மேல இருந்த நம்பிக்கையையே விட்டுடறா. அதை வார்த்தைல எழுதியாச்சு, இசைல எப்படிக் காட்டறதுன்னு தெரியல. ட்யூனிங், பறை மைக்கிங், அரேஞ்ச்மென்ட், எது தோணுதோ சொல்லுங்க. "ஃபீல் பண்ணி வாசி"ன்னு மட்டும் யாரும் எழுதாதீங்க ப்ளீஸ்.

ராயபுரம்_ரிஃப்
சத்தம் எவ்ளோங்கறதை விடுங்க ப்ரோ. எது மாறுது, எது மாறாம இருக்குன்னு முதல்ல முடிவு பண்ணுங்க.

தி க்ரான்பெரீஸோட 'ஸோம்பி', 1994. 1993 மார்ச் 20, இங்கிலாந்துல வாரிங்டன் கடைத்தெரு. குப்பைத்தொட்டில வெச்ச குண்டுங்க வெடிச்சதுல 3 வயசு, 12 வயசுப் பசங்க ரெண்டு பேர் உயிர் போச்சு. அதுக்கு எழுதின பாட்டு. நாலே கார்டு: ஈ மைனர், சி, ஜி, அப்புறம் எஃப் ஷார்ப் பேஸ் வெச்ச டி. சரணத்துக்கும் அதேதான், கோரஸுக்கும் அதேதான். கார்டு மாறாம கிட்டாரோட தன்மை மட்டும் மாறுது. புதுசா எதுவும் நடக்கல, ஏற்கெனவே நடந்துக்கிட்டு இருந்தது இப்பத்தான் காதுல விழுதுன்னு தோணும். கோரஸுக்குன்னு தனியா ஒரு "சோக கார்டு" தேடிப் போனா இந்த எஃபெக்ட் வராது.

அடுத்தது யூ2வோட 'சண்டே ப்ளடி சண்டே', 1983. வட அயர்லாந்து டெர்ரில 1972 ஜனவரி 30 அன்னிக்கு பிரிட்டிஷ் பாராசூட் ரெஜிமென்ட் சுட்டதுல 13 பேர் அன்னிக்கே செத்தாங்க, இன்னொருத்தர் பின்னால. பாட்டு ட்ரம்ஸ்ல தொடங்குது, பட்டாளத்து ஸ்நேர் அடி. டப்ளின் ஸ்டுடியோல மாடிப்படி எதிரொலி கிடைக்கணும்னு ட்ரம்ஸை அங்க வெச்சுப் பதிவு பண்ணாங்க. ஸ்நேர்ல சிப்பாய் நிக்கறான், குரல்ல ஜனம் நிக்குது. ரெண்டு தரப்பும் ஒரே பாட்டுல இருக்கு, யாரும் யாரையும் விளக்கல.

உங்க பாட்டுல போலீஸ் ஸ்டேஷன் எந்த வாத்தியம்? அதை முடிவு பண்ணுங்க. ஸ்நேரோட விளிம்புல குச்சியைப் படுக்க வெச்சு 2, 4ல அடிக்கற க்ராஸ் ஸ்டிக் போதும். முழுப் பாட்டுக்கும் அதே அளவு. கோரஸ்ல எல்லாம் வெடிச்சாலும் அது ஏறக் கூடாது, கணக்குப் புஸ்தகத்துல எழுதிக்கிட்டே இருக்கற கை மாதிரி. ட்ரம்மருக்கு இது கஷ்டம். கோரஸ் வந்தா கை தானா ஏறும். தனி ட்ராக்ல எடுத்துடுங்க.

இன்னொண்ணு. சரணத்துக்கும் கோரஸுக்கும் நடுவுல 5, 6 டெசிபல் வித்தியாசம் விட்டாலும், மாஸ்டரிங்ல லிமிட்டரை (உச்ச சத்தத்தை அமுக்கற கருவி) போட்டு நசுக்கினா அது காணாமப் போயிடும். டெமோ மரத்துப்போகறதுக்குப் பாதி காரணம் அதுவா இருக்கலாம். லிமிட்டரை எடுத்துட்டு ஒரு தடவை கேளுங்க.

மணலி_மஃப்
ரிஃப் சொல்றதுல பாதிதான் ஒத்துக்கறேன். சத்தம் முதல்லேர்ந்தே இருக்கலாம், தப்பே இல்ல. காது மரத்துப்போகறதுக்குக் காரணம் நோட்டு ஜாஸ்தி, இடைவெளி கம்மி.

ப்ளாக் சப்பாத்தோட முதல் ஆல்பம், 1970 பிப்ரவரி 13. முதல் பாட்டுல மழை, மணி, அப்புறம் மூணே நோட்டு: ஜி, மேல் ஸ்தாயி ஜி, சி ஷார்ப். நம்ம கணக்குல ஸ, மேல் ஸ, பிரதி மத்யமம். அந்த மூணு நோட்டை அவசரமே இல்லாம திரும்பத் திரும்ப வாசிக்கறான். முதல்லேர்ந்தே சத்தம்தான், ஆனா யாருக்கும் மரத்துப்போகல.

அவங்க பர்மிங்காம் ஆஸ்டன் பக்கத்துத் தொழிற்சாலைப் பசங்க. கிட்டார் வாசிச்ச டோனி ஐயோமிக்கு 17 வயசுல தகட்டுப் பட்டறை மெஷின்ல வலது கை நடுவிரல், மோதிரவிரல் நுனி போச்சு. இடதுகைக்காரர், அதனால ஃப்ரெட் அழுத்தறது வலது கை. ப்ளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, தோல் ஒட்டி, மெல்லிசு கம்பி போட்டு வாசிச்சார். விபத்துக் கதையே இல்லாத பாட்டுலயும் அந்தக் காயம் சத்தமா இருக்கு. மணலி, எண்ணூர், பின்னி மில்லுன்னு வளர்ந்த ஊருக்கு இதை வெளக்கத் தேவையில்ல.

ஒரு தப்பு எல்லாரும் பண்றாங்க. முதல் ஆல்பத்துலயே ட்யூனிங் கீழ இறங்கிடுச்சுன்னு நெனக்கறாங்க. இல்ல. சி ஷார்ப்புக்கு இறக்கினது 1971 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'லதான்.

இப்ப உங்க ட்யூனிங். முதல்ல பாடறவரோட கட்டை (அடிப்படை ஸ்ருதி) என்னன்னு பாருங்க. சப்பாத் பண்ணாங்கன்னு கிட்டாரை இறக்கிட்டு அப்புறம் குரலைத் தேடாதீங்க.

குரல் 1½ கட்டைல உட்காருதா, அது சி ஷார்ப். எல்லாக் கம்பியையும் மூணு அரை ஸ்வரம் (மூணு ஃப்ரெட் அளவு) இறக்குங்க, கீழ்க்கம்பி திறந்தபடியே ஸ ஆயிடும். 2 கட்டைன்னா எல்லாத்தையும் இறக்க வேண்டாம், தடிக் கம்பியை மட்டும் ஈலேர்ந்து டிக்கு விடுங்க. நீல் யங்கோட 'ஒஹாயோ'ல கீழ வர்ற அந்த உறுமல் இப்படி டிக்கு விட்ட கம்பிதான். 3 கட்டைன்னா ஒண்ணுமே தொடாதீங்க, ஸ்டாண்டர்டே சரி. 4½ கட்டைக்காரர்னா குரல் மேல நிக்குது, கிட்டார் கீழ பஞ்சமத்தைப் பிடிச்சு நிக்கட்டும். அதுவும் சி ஷார்ப்தான், ஸ வாசிக்கணும்னு கட்டாயமில்ல.

சி ஷார்ப்புக்கு 10–46 செட்டை (கம்பித் தடிமன், ஆயிரத்துல ஒரு இன்ச் கணக்கு) போட்டா கம்பி தொளதொளன்னு ஆடும். ஓங்கி அடிச்ச நொடில ஸ்ருதி மேல ஏறி அப்புறம் இறங்கும். அதைக் கேட்டு "இன்டோனேஷன் போச்சு"ன்னு பிரிட்ஜ்ல இருக்கற சேடிலைத் திருகிக்கிட்டு இருப்பாங்க. இழுவை பத்தலங்கறதுதான் நிஜக் காரணம். 12ல தொடங்கி 56 இல்ல 60ல முடியற செட் வாங்குங்க. 24.75 இன்ச் ஸ்கேல் (அதிர்ற கம்பி நீளம்) கிட்டார்னா 60, 25.5ன்னா 56 போதும். ஐயோமி மெல்லிசுல வாசிச்சாரேன்னு கேட்டா, அவருக்கு விரல் வலி, தளர்வே தேவைப்பட்டது. நமக்கு அப்படி இல்ல.

தடிக் கம்பி பழைய நட் (கழுத்து முனைல கம்பி உட்கார்ற பட்டை) பள்ளத்துல உட்காராது. மேல நின்னா முதல் சில ஃப்ரெட்ல அழுத்தும்போது ஸ்ருதி ஏறும், ட்யூன் பண்ணும்போது "டிக்"னு தாவும். நட் அரம் இல்லன்னா பழைய கம்பித்துண்டுல 600 நம்பர் உப்புத்தாளைச் சுத்தி மெதுவா தேயுங்க. அகலம் கூடட்டும், ஆழம் கூடக் கூடாது. ஆழம் போனா முதல் ஃப்ரெட்ல நடுங்கும், நட்டையே மாத்தணும். பென்சில் கரி கொஞ்சம் தடவி விடுங்க.

கடல் பக்கம் கம்பி சீக்கிரம் துரு ஏறும். ரெக்கார்டிங்குக்கு முந்தின நாள் மாத்தி, நல்லா இழுத்து விட்டு வைங்க. அதே நாள் காலைல மாத்தினா டேக்குக்கு டேக் ஸ்ருதி இறங்கும்.

வியாசை_வோல்யூம்
2 கட்டை. அப்ப தடிக் கம்பி மட்டும் டி. 46 கம்பி தாங்குமா?

மணலி_மஃப்
தாங்கும். 10–52 போட்டா இன்னும் நல்லது.

மூலக்கொத்தளம்
தொழில்நுட்பம் எல்லாம் சரி தோழர்களே. ஆனால் பாட்டில் அந்தப் பையனின் பெயர் இருக்கிறதா? அதை யாரும் கேட்கவில்லை.

ராக் பாட்டுகளில் ஒரு வழக்கத்தைக் கவனிக்கலாம். 1970 மே 4, கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒஹாயோ நேஷனல் கார்டு சுட்டு நான்கு மாணவர்கள் இறந்தார்கள். நீல் யங் எழுதி, மே 21 அன்று பதிவு செய்து, ஜூனில் வெளியானது 'ஒஹாயோ'. அதில் அன்றைய அதிபர் நிக்சன் பெயர் இருக்கிறது, மாநிலத்தின் பெயர் இருக்கிறது, நான்கு என்ற எண் இருக்கிறது. இறந்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. 'ஸோம்பி'யிலும் இல்லை. ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீனின் 'அமெரிக்கன் ஸ்கின்' 1999இல் நியூயார்க் போலீஸ் சுட்டுக் கொன்ற அமாது தியாலோவைப் பற்றியது. அதில் 41 என்ற தோட்டா எண்ணிக்கைதான் திரும்பத் திரும்ப வருகிறது, அவர் பெயர் வரவில்லை. எண்ணே அங்கே வேலை செய்கிறது. அந்தப் பாட்டுக்காக போலீஸ் சங்கம் அவரது கச்சேரிகளைப் புறக்கணிக்கச் சொன்னது என்றால் அது குத்தியிருக்கிறது என்றுதானே அர்த்தம்.

மரண கானா இதற்கு நேர் எதிர்த் திசையில் போகும். பெயர், அப்பன் பெயர், தெரு, எந்த வேலை, யாருக்கு யார். பெயர் இல்லாமல் மரண கானா கிடையாது. உங்கள் பாட்டு இந்த இரண்டு மரபுக்கும் நடுவில் நிற்கிறது.

இரண்டையும் சேர்த்தவர் ஒருவர் உண்டு. பீட்டர் கேப்ரியலின் 'பிக்கோ', 1980. தென்னாப்பிரிக்காவின் ஸ்டீவ் பிக்கோ 1977 செப்டம்பர் 12 அன்று போலீஸ் காவலில் இறந்தார். அதுவும் லாக்கப் சாவுதான். பாட்டின் முன்னும் பின்னும் இறுதிச் சடங்கில் பாடிய தென்னாப்பிரிக்கப் பாட்டுகளின் ஒலிப்பதிவு. வரிகள் மாதத்தையும் ஊரையும் சொல்லித் தொடங்குகின்றன, வழக்குக் குறிப்பு எழுதுவதுபோல. பிறகு பெயர், திரும்பத் திரும்ப. அடியில் சுர்தோ என்கிற பிரேசில் நாட்டுப் பெரிய மேளம், மாறாத அடி. கிட்டார் ஒரே நோட்டைப் பிடித்துக்கொண்டு இரைகிறது. முடிவில் வார்த்தையே இல்லாத கோரஸ். மேடையில் வாசிக்கும்போது இசைக்கலைஞர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போவார்கள், கூட்டம் மட்டும் பாடிக்கொண்டிருக்கும்.

அந்தச் சட்டகம் அப்படியே நம்முடையது. சுர்தோ இருக்கும் இடத்தில் பறையை வையுங்கள். தொடக்கத்தில் கிட்டார் வேண்டாம். கானா குரலும் பறையும் மட்டும் ஒரு முழுச் சரணம். பெயர் வருகிற இடத்தில் எல்லா வாத்தியமும் ஒரு ஆவர்த்தனம் நிற்கட்டும். டிஸ்டார்ஷன் பெயருக்குப் பிறகுதான்.

இங்கே கானாவையும் ராக்கையும் மேடையில் சேர்ப்பது புதிதல்ல. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் தொடங்கியபோதே கானா, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அவர்கள் கானாக்காரரின் உச்சரிப்பைத் திருத்தவில்லை. அதுதான் பாதி வெற்றி. உங்கள் பாடகரிடம் "கொஞ்சம் தெளிவா பாடுண்ணா" என்று சொல்லிவிடாதீர்கள்.

நடைமுறைக்கு ஒன்று: பெயரைப் போடும் முன் குடும்பத்திடம் கேளுங்கள், பாட்டை முழுதாகப் போட்டுக் காட்டிவிட்டு. வழக்கு நடந்துகொண்டிருந்தால் இறந்தவர் பெயர் இருக்கட்டும், குற்றம் சாட்டப்பட்டவர் பெயரைத் தீர்ப்புக்கு முன் வரியில் வைக்காதீர்கள். தேதி, இடம், காவலில் இருந்த மணிநேரம் என்று ஆவணத்தில் உள்ளதை மட்டும் பாடினாலே போதும். அடைமொழி சேர்க்கச் சேர்க்க வழக்கும் பலவீனப்படும், பாட்டும் பலவீனப்படும்.

தண்டையார்பேட்டை_டாம்
இவ்ளோ மரியாதையா துக்கம் கேக்கணுமா எல்லாரும்? கென்ட் ஸ்டேட்ல அன்னிக்கு இருந்த மாணவர்கள்ல ஒருத்தர் ஜெரால்ட் கசாலே. செத்தவங்கள்ல ரெண்டு பேர் அவருக்குத் தெரிஞ்சவங்க. அவர் 'ஒஹாயோ' மாதிரி பாட்டு எழுதல. டீவோ ஆரம்பிச்சாரு. மனுஷன் முன்னேறல, பின்னால போறான்னு ஒரு கிறுக்குத் தத்துவம், ஒரே மாதிரி சீருடை, பொம்மை மாதிரி வெட்டி வெட்டி அடிக்கற தாளம். அழுகையே கிடையாது. ஆனா அதுவும் அந்தத் துப்பாக்கிச் சூட்டுக்குத்தான் பதில். கேலியும் ஒரு வழி. சாவு வீட்டுக்கு முன்னாடி டப்பாங்குத்து ஆடற ஊர்ல இதை யாரும் சொல்லலன்னா எப்படி?

மூலக்கொத்தளம்
டாம், டீவோவுக்கு அது பொருந்தியது. அவர்கள் பாடியது ஒரு தேசத்தைப் பற்றி. இங்கே கேட்டுக்கொண்டு உட்காரப் போவது ஒரு அம்மா. ஆனால் டப்பாங்குத்து விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. மரண கானா மெதுவாகத் தொடங்கி வேகமாகத்தான் போகும். கடைசியில் ஆட்டம் வந்தால் அது மரியாதைக் குறைவல்ல.

ஓட்டேரி_ஆல்டோ
நம்பிக்கை போற சரணத்தைப் பத்தி நான் சொல்றேன் தம்பி. இந்த ஊர்ல கீபோர்டு, ட்ரம்ஸ் கத்துக்கிட்டவங்கள்ல பாதிப் பேர் கோயில் (சர்ச்) பாடகர் குழு வழியா வந்தவங்கதான், அதனால இது கைக்குத் தெரிஞ்ச விஷயமாத்தான் இருக்கும்.

பாட்டு முடிஞ்சு "ஆமென்" பாடுவோமே, அந்த ரெண்டு கார்டு. ஸ்கேல்ல நாலாவது கார்டு, அப்புறம் முதல் கார்டு. டில வாசிக்கறீங்கன்னா ஜி, டி. முதல் சரணத்துலயும் ரெண்டாவது சரணத்துலயும் ஒவ்வொரு பத்தியும் ஜி–டின்னு முடியட்டும். அந்த அம்மா வேண்டிக்கறா, பதில் வருது, காது அதுக்குப் பழகிடும். கடைசிச் சரணத்துல ஜில நிறுத்துங்க. டிக்குப் போகாதீங்க. முதல் தடவை கேக்கறவங்களுக்கு என்ன குறையுதுன்னு தெரியாது, ஏதோ குறையுதுன்னு மட்டும் தெரியும். இன்னும் இருட்டா வேணும்னா ஜி மேஜரை ஜி மைனர் ஆக்குங்க, பி நோட்டு பி ஃப்ளாட் ஆகும், அவ்ளோதான். ரெண்டையும் ஒண்ணா பண்ணாதீங்க. ஜி மைனர் போட்டா அது சோகம்னு சொல்லிடுது, ஜி மேஜர்ல நிறுத்தினா ஒண்ணும் சொல்லாம நிக்குது. என் ஓட்டு மேஜருக்கு.

பேஸ் வாசிக்கறவர் பழக்கத்துல டிக்குப் போயிடுவார். சொல்லி வைங்க.

ஜான் லெனன் 1970 டிசம்பர்ல விட்ட 'ப்ளாஸ்டிக் ஓனோ பேண்ட்' கேளுங்க. அம்மாவைப் பத்தின முதல் பாட்டு சாவு மணியோட தொடங்குது. பியானோ, பேஸ், ட்ரம்ஸ், பெரும்பாலும் அவ்ளோதான் வாத்தியம். 'காட்' பாட்டுல பியானோ வாசிச்சது பில்லி ப்ரெஸ்டன், சர்ச் இசைல வளர்ந்தவர். நம்பாத விஷயங்களை வரிசையா ஒண்ணொண்ணா சொல்லிக்கிட்டே போறாரு, அடியில பியானோ கோயில்லயே உட்கார்ந்திருக்கு. வரிசையோட கடைசில தன் சொந்த பேண்ட் பீட்டில்ஸ் பேரே வருது, அங்க ஒரு நொடி எல்லாம் நின்னுடுது. கத்தல் இல்ல. நம்பிக்கையை விடற பாட்டுக்கு நம்பிக்கையோட வாத்தியத்தையே வெச்சாரு பாருங்க.

மெட்டாலிகாவோட 'தி காட் தட் ஃபெய்ல்ட்', 1991, வேற மாதிரி. பாடகர் ஹெட்ஃபீல்டோட அம்மா கிறிஸ்டியன் சயன்ஸ் (ஜெபத்தாலயே குணமாகும்னு நம்பற சபை) நம்பிக்கைக்காரங்க, கேன்சருக்கு மருத்துவம் வேண்டாம்னுட்டாங்க. அது கோபம். பேஸ்ல தொடங்கி கனமா நடக்குது. நல்ல பாட்டுதான், ஆனா அது மகனோட கோபம். நீங்க எழுதறது அம்மாவோட குரல். மகன் சத்தம் போடலாம், அம்மா பேச்சை நிறுத்திடுவா.

நம்ம ஒப்பாரில சாமியை ஏசறது காலங்காலமா உண்டு. ஏசற வரைக்கும் உறவு இருக்கு. ஏசறதும் நின்ன இடம்தான் உங்க கடைசிச் சரணம்.

வியாசை_வோல்யூம்
அக்கா, அந்த ஜில நிறுத்தற ஐடியா ஒண்ணே போதும். கடைசிச் சரணத்துல பறை இருக்கணுமா?

ஓட்டேரி_ஆல்டோ
நிக் கேவ் மகனைப் பறிகொடுத்த அப்புறம் 2019ல 'கோஸ்டீன்' விட்டாரு, ட்ரம்ஸே அநேகமா கிடையாது. தாளம் இல்லன்னா நேரம் நகராது. எடுத்துடுங்க.

காசிமேடு_கெயின்
பறை பத்தி ஒரே பதிவா எழுதிடறேன், நீளமா இருக்கும்.

தோல்தான் எல்லாம். கடல் காத்துல ஈரம் ஏறினா தோல் தளர்ந்து ஸ்ருதி இறங்கும், "தொம்"னு ஆயிடும். தீ காட்டினா ஏறும். ஒரு முழம் தள்ளிப் பிடிச்சு சுத்திக்கிட்டே இருக்கணும், ஒரே இடத்துல காட்டினா ஓரத்துல வெடிச்சுடும். ஸ்டுடியோல தீ கிடையாது. ஹேர் ட்ரையர், இல்ல 500 வாட் ஹாலோஜன் விளக்கு. இங்க ஒரு சிக்கல் இருக்கு: ஏசி ரூம்ல காத்து உலர்ந்திருக்கும், தோல் தானாவே இறுகிக்கிட்டே போகும். முதல் டேக்குக்கும் நாலாவது டேக்குக்கும் சத்தம் ஒட்டாது, எடிட் பண்ணும்போது தையல் தெரியும். பறையை முன்கூட்டியே உள்ள கொண்டுவந்து ஒரு மணி நேரம் ஏசிலயே விட்டுட்டு அப்புறம் சூடு காட்டுங்க. ஃபைபர் தோல்னா இந்தத் தொல்லையே இல்ல, ஆனா சிண்டுக்குச்சியோட (மெல்லிசு நீளக் குச்சி) அந்தக் கீச்சுக் கூர்மை மெல்லிசா, தகரமா வரும். இந்தப் பாட்டுக்கு மாட்டுத் தோல்தான்.

பறைக்கு முன்பக்கம் குச்சி, பின்பக்கம் திறப்பு. முன்னால மட்டும் மைக் வெச்சா "சட்டச்சட்ட"ன்னு கூர்மை மட்டும் கிடைக்கும், வயிறு கிடைக்காது. முன்னால ஷூர் எஸ்எம் 57, விளிம்புலேர்ந்து நாலு விரல் உள்ள தள்ளி, ஒரு அடி தூரம், சாய்ச்சு. பின்னால இன்னொரு டைனமிக் மைக், அரை அடி. பின் மைக்கோட ஃபேஸைத் திருப்பிப் போடணும். தோல் முன்னால நகரும்போது பின்னால விலகுது, திருப்பலன்னா கீழ் சத்தம் ஒண்ணையொண்ணு தின்னுடும். திருப்பறதுக்கு முன்ன ஒரு தடவை, பின்ன ஒரு தடவை கேளுங்க, எதுல வயிறு இருக்கோ அது.

ஆள் நின்னு ஆடி வாசிக்கறவர்னா உட்காரச் சொல்லாதீங்க. உட்கார்ந்தா அடி செத்துடும். அவர் ஆடற வட்டத்துக்குத் தரைல டேப் ஒட்டுங்க, மைக்கை ரெண்டடி தள்ளுங்க. கொஞ்சம் ரூம் சத்தம் வரும், வரட்டும்.

குரலும் பறையும் 2.5லேர்ந்து 4 கிலோஹெர்ட்ஸ்ல சண்டை போடும். வார்த்தை புரியறதும் அங்கதான், சிண்டுக்குச்சியோட கூர்மையும் அங்கதான். டெமோல "குரல் என்ன சொல்லுதுன்னே ஏறல"ன்னீங்களே, கிட்டாரை மட்டும் பழி போடாதீங்க. பறைல 3 கிலோஹெர்ட்ஸ்ல மூணு டெசிபல் குறைங்க, குரல் வர்ற நேரத்துல மட்டும். கிட்டார்ல 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டுங்க, தடிக் கம்பி டி கிட்டத்தட்ட 73ல இருந்தாலும் சரி. அந்த அடி சத்தத்தை பேஸ் குடுக்கும். ரெண்டு பேரும் குடுத்தா சேறு.

தாளம். சாவுக்கு அடிக்கற மரண அடி திஸ்ரம் (மூணு மூணா வர்ற நடை), ராக் ட்ரம்ஸ் நாலு. 72 டெம்போ வெச்சு, ட்ரம்ஸ் ஹாஃப் டைம்ல போகட்டும், கிக் 1ல, ஸ்நேர் 3ல மட்டும். பறை ஒரு அடிக்கு மூணு தட்டு. ட்ரம்மர் ஹைஹேட்ல நேர் எட்டு வாசிச்சா மூணுக்கும் ரெண்டுக்கும் இடிக்கும், குழப்பமா கேக்கும். ஹைஹேட்டை மூடி நாலு மட்டும் அடிங்க, இல்ல ஹைஹேட்டே வேண்டாம். சட்டி எல்லா நேரமும் வேண்டாம், பெயருக்குப் பின்னால நுழையட்டும்.

க்ளிக் (காதுல ஓடற தாளக் கணக்கு) வெச்சு கானா பாடச் சொல்லாதீங்க. வரியோட கடைசியை இழுப்பார், மூச்சு வாங்குவார், க்ளிக் அதைக் கொன்னுடும். குரலையும் பறையையும் ஒண்ணா, க்ளிக் இல்லாம எடுங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல அதுக்கேத்த டெம்போ மேப் போட்டு, ட்ரம்ஸும் கிட்டாரும் அதுமேல வாசிக்கட்டும். 72ல தொடங்கி 80ல முடிஞ்சா முடியட்டும்.

ராயபுரம்_ரிஃப்
என் க்ராஸ் ஸ்டிக் ஐடியா அப்ப அடிபடுது. ஸ்நேர் 3ல மட்டும்னா 2, 4 எங்க?

காசிமேடு_கெயின்
க்ராஸ் ஸ்டிக்கையும் 3ல வைங்க. கோரஸ்ல ஸ்நேர் மேல விழும், அடில அது இருக்கறது தெரியாது. கோரஸ் முடிஞ்சதும் அது இன்னும் நிக்கலன்னு தெரியும்.

வியாசை_வோல்யூம்
நடுவுல லத்தி அடி, கதவு சாத்தற சத்தம் சாம்பிளா போடலாம்னு பேஸிஸ்ட் சொல்றாரு. துப்பாக்கி கூட.

மணலி_மஃப்
மெட்டாலிகாவோட 'ஒன்', 1988. தொடக்கத்துல நிஜப் போர்ச் சத்தம் சாம்பிளா இருக்கு. அதை யாரு ஞாபகம் வெச்சிருக்கா? எல்லாரும் சொல்றது நாலு நிமிஷத்துக்கு அப்புறம் வர்ற டபுள் கிக், கிட்டாரும் கூடவே ஆறு ஆறா வெட்டறது. மெஷின் கன் அதுதான். ஹென்ட்ரிக்ஸ் 1969 ஆகஸ்ட் 18 காலைல வுட்ஸ்டாக்ல அமெரிக்க தேசிய கீதத்தை வாசிச்சப்ப குண்டு விழறது எல்லாம் ஒரு ஸ்ட்ராட் கிட்டாரும், ஃபீட்பேக்கும் (ஆம்ப் சத்தம் கம்பியையே அதிர வைக்கற ஊளை), ஸ்ருதியை இறக்கற வாமி பாரும்தான். நடுவுல பட்டாளத்துச் சாவு ஊதலான 'டாப்ஸ்' ரெண்டு வரி. சாம்பிள் கிடையாது.

ஃபீட்பேக்குக்கு 15 வாட் ப்ராக்டிஸ் ஆம்ப் பத்தாது. கிட்டாரை ஸ்பீக்கருக்கு நேரா ரெண்டடில வெச்சு மெல்லத் திரும்புங்க. எந்தக் கோணத்துல எந்த நோட்டு பிடிக்குதோ அங்க தரைல டேப். வீட்டுல எர்த் சரியில்லன்னா 50 ஹெர்ட்ஸ் ஹம் இதோட கலக்கும். மூணு பின் ப்ளக்கோட எர்த்தை உடைச்சுட்டு வாசிக்கறவங்க இருக்காங்க, ஹம் போகும், உயிரும் போகும். அதைப் பண்ணாதீங்க.

மூலக்கொத்தளம்
வெடிச் சத்தம் இங்கே வேறு பொருள் தரும். வடசென்னையில் சாவு ஊர்வலத்தில் வெடி போடுவார்கள். "டமார்" என்றால் இங்குள்ள காது சுடுகாட்டுக்குப் போகும், துப்பாக்கிக்குப் போகாது. பாரிஸ் பாட்டக்லானில் 2015 நவம்பர் 13 அன்று ராக் கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே சுட்டு, அரங்கில் 90 பேர் இறந்தார்கள். முதலில் பட்டாசு, மேடை எஃபெக்ட் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு சத்தத்தைக் கூட்டத்தின் நடுவில் அலங்காரத்துக்காக வைக்க என்ன அவசியம்? லத்தி அடி இன்னும் மோசம். மகனை அடித்த சத்தத்தை அம்மாவுக்கு ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டுவதா?

தண்டையார்பேட்டை_டாம்
இதுல நானும் அவர் பக்கம். சாம்பிள் வேண்டாம். மேடைல நடுவுல பேசறது?

ராயபுரம்_ரிஃப்
1987 நவம்பர் 8, வட அயர்லாந்து என்னிஸ்கில்லன்ல ஐஆர்ஏ (ஐரிஷ் ஆயுதக் குழு) குண்டு, 11 பேர் செத்த அதே நாள் யூ2 டென்வர்ல வாசிச்சாங்க. 'சண்டே ப்ளடி சண்டே' நடுவுல பாடகர் போனோ பேசினது படமா இருக்கு. நாலு வருஷம் பாடின பாட்டு அன்னிக்கு வேற ஆயிடுச்சு. ஆனா அது அன்னிக்கு நடந்தது. ஒவ்வொரு ஷோலயும் அதே பேச்சை அதே இடத்துல வெச்சா நாடகம் ஆயிடும். பேசணும்னா பாட்டுக்கு முன்னாலயே, அரை நிமிஷம், வழக்கு எந்த நிலைல இருக்குன்னு மட்டும்.

தெருவுல போடறீங்கன்னா ராத்திரி 10 மணிக்கு மேல ஒலிபெருக்கி கிடையாது. இந்தப் பாட்டைக் கடைசிக்கு வெச்சு 9.55க்குத் தொடங்கினா அந்த ஜி கார்டுக்கு முன்னாடி யாராவது ப்ளக்கைப் பிடுங்குவாங்க.

வியாசை_வோல்யூம்
குறிச்சுக்கிட்டேன். தொடக்கம் குரல், பறை. பெயர், ஒரு ஆவர்த்தனம் காலி. அப்புறம் சட்டி, பேஸ், டிஸ்டார்ஷன். க்ராஸ் ஸ்டிக் 3ல, ஏறாம. கடைசிச் சரணம் தாளம் இல்லாம, ஜி மேஜர்ல நிறுத்தம். ஒரே சந்தேகம்: பெயருக்கு அப்புறம் அந்தக் காலி ஆவர்த்தனத்துல பறையோட அதிர்வு நிக்குமா, கையால அணைக்கணுமா?

காசிமேடு_கெயின்
அணைக்க வேண்டாம். தோல் தானா ஓயட்டும், அது ஒரு செகண்ட் கூட இருக்காது. கிட்டார் ஆம்போட "ஸ்ஸ்" சத்தம்தான் அந்த இடத்துல காட்டிக் குடுக்கும். நாய்ஸ் கேட் (சின்னச் சத்தத்தை அடைக்கற கருவி) போட்டா கிட்டார் நுழையற முதல் நோட்டோட மூக்கு வெட்டுப்படும். அதுக்குப் பதிலா டிஸ்டார்ஷனுக்குப் பின்னால வால்யூம் பெடல் வெச்சு, காலால மூடிட்டு, திரும்ப நுழையறதுக்கு அரை பீட் முன்னால தொறங்க.